பூந்தொட்டியில் ஒரு பாம்பு

சென்ற ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட இரண்டாம் நாள் இரவு, விடுதியின் கீழ்த்தளக் குளியலறையில் ஒரே கூச்சல். ஓடிப் பார்த்தால், முதலாண்டுத் தம்பி ஒருவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கிறார், கையில் செருப்பு, கண்கள் தண்ணீர் போகும் துளையை விட்டு அகலவில்லை. “நாகக் குட்டி, அண்ணா! குட்டி வந்தால் தாய் பின்னாலேயே வருமாம்!” என்றார்.

துளையருகே நெளிந்துகொண்டிருந்தது அரைச் சாண் நீளமுள்ள ஒரு கரிய உருவம். பென்சிலில் பாதிப் பருமன்கூட இல்லை. அதை ஒரு தாளில் ஏற்றித் தோட்டத்தில் விட்டு வந்தோம். தம்பிக்கு மனம் ஆறவில்லை. அன்றிரவு இரு காதுகளிலும் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். நம் ஊர்ப்புறங்களில் அதற்குச் செவிப்பாம்பு என்று பெயர். உறங்குவோர் காதில் புகுந்துவிடும் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர். புழுப்பாம்பு என்றும் அதனைச் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்த பெயர் அதுவே. பஞ்சு வைத்த அந்தக் காதுகளுக்காகவே இக்கட்டுரையை எழுதலானேன்.

புழுப்பாம்பு மண்ணுக்குள் வாழ்வது. ஈரமான மண், மக்கிய இலைக்குவியல், உளுத்த மரக்கட்டை, கல்லின் அடி, எறும்புப் புற்று, பூந்தொட்டி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். மண்ணில் நீர் நிரம்பும்போது மூச்சுக்காக மேலே வருகிறது. ஆகவேதான் மழைநாளில் குளியலறையிலும் தாழ்வாரத்திலும் அதைக் காண்கிறோம். கண்கள் செதிலுக்கு அடியில் இரு கரும்புள்ளிகளாக மறைந்து கிடக்கின்றன. ஒளி, இருள் என்ற வேறுபாட்டை அறிவதற்கு மேல் அவை உதவுவதில்லை. வாயோ மனிதனைக் கடிக்க இயலாத அளவு சிறியது. நஞ்சு அறவே கிடையாது. கையிற் பிடித்தால் வாலின் முனையிலுள்ள நுண்ணிய முள்ளால் குத்துவது போல் அழுத்தும். நாற்றமுள்ள கழிவையும் வெளிவிடும். அதன் படைக்கலங்கள் அவ்வளவே. அது நாடிச் செல்வது எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் இளம் புழுக்களையும். நம் காதில் கறையான் புற்று இருந்தாலன்றி அதற்கு அங்கே என்ன வேலை?

கறையானை அது உண்ணும் முறை விந்தையானது. 2015-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருவர் அதனைக் கூர்ந்து நோக்கி எழுதினர். வளர்ந்த கறையானைப் பின்புறமாகப் பற்றி விழுங்கிக்கொண்டே வந்து, தலை மட்டும் வெளியே நிற்கும்போது அதைத் தரையில் தேய்த்து முறித்துவிடுகிறதாம். எல்லாக் கறையான்களையும் இவ்வாறு செய்வதில்லை. தலையோடு விழுங்கப்பட்டவற்றின் தலைகள் செரிக்காமல் அப்படியே வெளிவந்தன. செரிக்காததை இலையில் ஒதுக்கும் பழக்கம் நம் விடுதி உணவகத்திற்கு மட்டும் உரியதன்று போலும்!

தலைக்கும் வாலுக்கும் வேற்றுமை காண்பது எளிதன்று. பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1796-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய நூலில், இதனைத் ‘தலைகள் இரண்டு உள்ள பாம்பு’ என்று பொருள்படும் தெலுங்குப் பெயராலேயே குறித்தார். அவருடைய குறிப்பைக் கொண்டு 1803-இல் பிரெஞ்சு அறிஞர் டோடேன் ‘பிராமினஸ்’ என்று பெயரிட்டார். இப்போது அறிவியலார் வழங்கும் முழுப்பெயர் இண்டோடிப்ளாப்ஸ் பிராமினஸ்.

இனி, தம்பி அஞ்சிய அந்தத் ‘தாய்’ பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வினத்தில் ஆண் பாம்பே கிடையாது. இதுவரை ஆராயப்பட்டவை எல்லாம் பெண்களே. இனக்கலப்பு இன்றியே ஒரு பெண் முட்டையிடுகிறது. எட்டு முட்டைகள் வரை இருக்கும், நெல்மணியிற் சற்றே பெரியவை. அவற்றிலிருந்து வெளிவருபவையும் பெண்களே. மற்றப் பாம்புகளில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதியாக இருக்க, இதில் மும்மடங்காக இருப்பதை 1987-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். வேறு சில பாம்புகள் எப்போதேனும் கன்னியாக ஈனுவதுண்டு. என்றுமே அவ்வாறு மட்டும் பெருகுவதாக அறியப்பட்ட பாம்பு இது ஒன்றுதான். குளியலறைத் துளையில் நம் தம்பி கண்டது குட்டியுமன்று, பின்னால் வேறொரு தாய் வரவும் வேண்டியதில்லை. வளர்ந்த ஒன்று எங்கே சென்றாலும் ஒரு குலம் முழுவதும் உடன் செல்கிறது.

சென்றும் இருக்கிறது. தெற்காசிய மண்ணில் தோன்றியதாகக் கருதப்படும் இச்சிற்றுயிர், செடிகளின் வேரோடும் தொட்டி மண்ணோடும் கப்பலேறி ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் குடியேறிவிட்டது. 1930-இல் ஹவாய்த் தீவுகளில் காணப்பட்டது. 1970-களில் ஃபுளோரிடாவில் கால்கொண்டது. உலகில் மிகப் பரந்து வாழும் பாம்பு என்று இதனைச் சொல்கிறார்கள். வேறினப் பாம்பாயின் ஆணும் பெண்ணும் ஒரே துறைமுகத்தில் இறங்கவேண்டும். இதற்கு ஒரு தொட்டி போதும். ஊரைவிட்டு வந்து தனியே காலூன்றும் தொல்லை அறிந்த நமக்கு இதன்பால் சற்றே பொறாமைகூட வரலாம்.

அடையாளம் காண்பதில் மட்டும் விழிப்பு வேண்டும். மண்புழு நீண்டும் சுருங்கியும் ஊரும், உடலில் வளையங்கள் தெரியும். புழுப்பாம்போ பளபளப்பான செதில்களோடு பக்கவாட்டில் விரைந்து நெளியும், பிளந்த நாவை அடிக்கடி நீட்டும். கட்டுவிரியனின் குட்டி முட்டையை விட்டு வரும்போதே ஒரு சாணுக்கு மேல் நீளமிருக்கும். கண்கள் நன்கு தெரியும். நாகக் குட்டியும் அவ்வாறே. ஆகவே கண் தெரிகிற எந்தச் சிறு பாம்பையும், ஐயத்திற்கு இடமான எதையும், தொடவே வேண்டா, அறிந்தவரை அழையுங்கள். புழுப்பாம்பு என்று உறுதியாகத் தெரிந்தாலும் தாளோ முறமோ போதும், கை வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வாரம், விடுதித் தோட்டத்துப் பூந்தொட்டிகள் ஆறினைத் தோட்டக்காரர் ரிக்‌ஷாவில் ஏற்றினார். நகரின் மறுகோடியில் ஏதோ விழாவாம். தம்பி படியிறங்கி வந்து ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். காதில் பஞ்சு இல்லை. “ஒன்றும் தெரியவில்லையே, அண்ணா” என்றார். மண்ணுக்குள் இருந்தால் எப்படித் தெரியும் என்றேன். ரிக்‌ஷா புறப்பட்டது.