கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு மணி நேர மினிடிவி கேசட்டில் இருந்த கல்யாணத்தைக் கணினியில் ஏற்றி டிவிடி போட்டாய். முகூர்த்தம் வரை ஒழுங்காக இருந்த பேச்சு, மொய் எழுதுகிற இடத்துக்கு வரும்போது உதட்டுக்குப் பின்தங்கிவிடுகிறது என்கிறாய். மொத்த ஒலியையும் முன்னால் இழுத்தால் முடிவு சேருகிறது, ஆரம்பம் கெடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். கோளாறு எங்கே என்பதை அந்தக் கடைசி வரியே சொல்லிவிட்டது.

ஆரம்பத்தில் இருக்கும் விலகல் கூடாமல் குறையாமல் கடைசிவரை இருந்தால் அது வெறும் தாமதம். நகர்த்தினால் தீரும். போகப் போக விலகல் வளர்ந்தால் படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது. நம் ஊர் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம். 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 1920 சாம்பிள். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வந்த மினிடிவி கேமராக்கள் பலவும் இந்தக் கணக்கைக் கறாராகப் பிடிப்பதில்லை. ஒரு ஃப்ரேமில் சில சாம்பிள் கூடும், இன்னொன்றில் குறையும். படமும் ஒலியும் ஒரே கோப்பில் இருக்கும்வரை இது தெரியாது. ஒலியைத் தனியாக வேவ் கோப்பாகப் பிரித்த நொடியில் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

சரிசெய்யும் முன் அளந்து பார். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் தவில் அடியோ கைதட்டலோ பளிச்சென்று தெரிகிற ஓர் இடத்தைத் தேடி, ஒலி எத்தனை நொடி பிந்துகிறது என்று குறித்துக்கொள். பிறகு நடுவிலும் அப்படியே பார். முடிவில் அரை நொடி, நடுவில் கால் நொடி என்றால் விலகல் சீராக வளர்கிறது. 3600.5 நொடி ஒலியை 3600 நொடிக்குச் சுருக்கினால் போதும். சுருதியில் வரும் மாற்றம் எந்த நாதஸ்வர வித்வானின் காதுக்கும் எட்டாத அளவு சிறியது. அப்படி இல்லாமல், ஓர் இடம்வரை சரியாக இருந்து அங்கே திடீரென்று தாவினால், கேப்சர் செய்தபோது ஃப்ரேம்கள் விழுந்திருக்கின்றன. அதற்கு ஒட்டுவேலை செய்யாதே, கேசட்டை மறுபடி ஓட்டி ஏற்று.

கேமராவின் ஒலி அமைப்பையும் பார். 12 பிட்டில் பதிவானவை 32 கிலோஹெர்ட்ஸ். டிவிடி 48 அல்லது 96 மட்டுமே ஏற்கும். பாட்டு சிடியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதோ 44.1. அதை முறையாக ரீசாம்பிள் செய்யாமல் 48 என்று பெயரை மட்டும் மாற்றிவிட்டால், 60 நிமிட ஒலி 55 நிமிடத்தில் முடிந்துபோகும், குரல் கீச்சென்று கேட்கும்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. கையில் கோப்பு வந்ததும் கன்வர்ட் பொத்தானை அழுத்தாதே. முதலில் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார். பழைய டிவிடியின் விஓபி கோப்பில் ஏசி3 இருந்தால் அதை டிமக்ஸ் செய்து அப்படியே புதுத் தட்டில் வைக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் எடுத்தால் ஒரு பிட்கூட மாறாது. அதை வேவ் ஆக்கித் திரும்ப ஏசி3 ஆக்குவது வீண் வேலை, குரலும் தேயும். மொபைலில் எடுத்த எம்பி4 கோப்பின் ஏஏசி ஒலி வேறு கதை. டிவிடிக்கு ஏஏசி ஆகாது, மாற்றியே தீர வேண்டும். அப்போது வேவ் ஆக்கி, வெட்டுவது சேர்ப்பது எல்லாவற்றையும் அதிலேயே முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை என்கோட் செய். இடம் குறையும் என்று நடுவில் எம்பி3யை நுழைக்காதே. தரம் போவதோடு, அது ஒலியின் தொடக்கத்தில் சில பத்து மில்லிநொடி வெற்றிடத்தையும் சேர்த்துவிடும்.

எந்த வடிவம் என்று கேட்டிருந்தாய். 4.7 ஜிபி தட்டில் ஒரு மணி நேரம் மட்டும் என்றால் பிசிஎம்மையே வை. நொடிக்கு 1536 கிலோபிட் போனாலும் படத்துக்கு இடம் தாராளமாக மிஞ்சும். இரண்டு மணி நேரம் என்றால் பிசிஎம் மட்டும் ஏறக்குறைய 1.4 ஜிபி தின்றுவிடும். அங்கே 256 கிலோபிட் ஏசி3 போடு. பால் தட்டில் எம்பி2 ஒலியும் செல்லும். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு என்டிஎஸ்சி தட்டு போடும்போது அதை நம்பாதே. அங்குள்ள பிளேயர்கள் எம்பி2வைப் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏசி3 என்கோடரில் இரண்டு இடத்தை மட்டும் கவனி. டயலாக் நார்மலைசேஷன் பலவற்றில் −27 என்று தானாகவே நிற்கும். அதனால் பிளேயர் 4 டெசிபல் குறைத்து ஒலிக்கும். வாடிக்கையாளர் சத்தம் போதவில்லை என்பார். −31 வை. அடுத்தது கம்ப்ரஷன். சினிமாவுக்கான ஃபிலிம் ஸ்டாண்டர்ட் தேர்வில் விட்டுவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எழ வேண்டிய இடத்தில் பல பிளேயர்கள் அதை அமுக்கிவிடும், முன்னால் ஓதிய மந்திரத்தைத் தூக்கிவிடும். இரண்டும் ஒரே உயரத்தில் கேட்டால் அந்தக் கணத்துக்கு உயிரே இல்லை. மண்டபத்தில் நின்றவர்களுக்கு மேனி சிலிர்த்த இடம் அது, வீட்டிலும் அப்படியே கேட்க வேண்டும். கம்ப்ரஷனை முழுக்க நிறுத்திவிடு.

அந்தக் கேசட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுப்பதற்கு முன் நடுவிலும் முடிவிலும் எத்தனை நொடி விலகுகிறது, கேமரா 12 பிட்டா 16 பிட்டா என்று அளந்து எழுது. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்