எண்ணிக்கை மட்டும் போதாது

அன்புள்ள யாழினி,

அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலைக் கையில் எடுத்தால், எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்றுதான் நாம் முதலில் தேடுகிறோம். ஐம்பது என்றால் பதறுகிறோம், சில ஆயிரம் என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அபட் பூபி என்ற கடற்பறவை இந்தக் கணக்குக்குள் அடங்காது. சில ஆயிரம் பறவைகள் இருந்தும் உலகப் பட்டியலில் அது ‘அழியும் அபாயத்தில்’ என்ற பிரிவில்தான் இருக்கிறது. அது சரிதான் என்பதே என் வாதம்.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு கிடக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். இன்று உலகில் இந்தப் பறவை முட்டையிடும் ஒரே இடம் அதுதான். வில்லியம் அபட் என்ற அமெரிக்க இயற்கையியலாளர் 1892-இல் இதை முதன்முதலில் சேகரித்தது வேறொரு தீவில், சீஷெல்ஸைச் சேர்ந்த அசம்ப்ஷனில். அங்கே இப்போது ஒன்றுகூட இல்லை. மற்ற பூபிகள் தரையிலோ புதரிலோ குறுமரத்திலோ கூடு வைக்க, இதுவோ மழைக்காட்டின் உயரமான மரங்களின் உச்சிக்குப் போகிறது. ஈட்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு பறக்கவே ஐந்தாறு மாதங்கள் ஆகும். பறந்த பிறகும் பல மாதங்கள் தாய் தந்தையிடம் இரை வாங்கித்தான் வாழும். எனவே ஒரு குஞ்சை வெற்றிகரமாக வளர்த்த இணை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் மீண்டும் முட்டையிட முடியும். ஆயுள் நீளம் என்பதால், குஞ்சுகள் பிழைக்காமல் போனாலும் வளர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் வானில் தெரிந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை குறைவது கண்ணில் படும்போது சேதம் பழையதாகியிருக்கும்.

சேதம் வந்த வழி விசித்திரமானது. அந்த மரங்கள் நின்ற மேட்டு நிலத்தின் அடியிலேயே பாஸ்பேட் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சுரங்கவேலை, தீவின் காட்டில் ஏறக்குறைய கால்பங்கை அழித்தது. வெட்டிய மரங்களோடு கணக்கு முடியவில்லை. காட்டில் திறப்பு விழுந்தால் காற்று சுழன்றடிக்கிறது. ஓரத்து மரங்களின் உச்சியிலிருந்து குஞ்சுகளும், சிலசமயம் பெரிய பறவைகளும் தூக்கி எறியப்படுகின்றன. நீண்ட சிறகுள்ள இப்பறவை காட்டுத் தரையில் விழுந்தால் மேலெழ முடியாமல் பட்டினியில் சாகும். பிரிட்டிஷ் பறவையியலாளர் பிரையன் நெல்சன் 1967-இல் தொடங்கிய ஆய்வுகள்தான் இந்த ஆபத்தை உலகுக்குச் சொன்னவை. 1980-இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது.

சுரங்கம் பலருக்குச் சோறு போட்டதே என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்தத் தீவில் ஊர் உருவானதே பாஸ்பேட்டால்தான், உழைத்தவர்கள் பெரும்பாலும் சீனரும் மலாய்க்காரரும். ஆனால் 1987-இல் மூடிய சுரங்கம் 1990-இல் மீண்டும் திறந்தபோது, புதிதாக மழைக்காட்டை வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் திறந்தது. ஆகவே வேலையா பறவையா என்ற தேர்வு அத்தனை கறாரானதல்ல. தீவின் அறுபது சதவீதத்துக்கு மேல் பூங்காவாகிவிட்டதே, இன்னும் என்ன பயம் என்பது இதைவிட வலுவான கேள்வி. வேலிக்கு அப்பால் அடிக்கும் சுழற்காற்று உள்ளே வரும், எறும்பும் வரும். மஞ்சள் பைத்திய எறும்பு (திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரத்திலும் தொல்லை கொடுத்ததே, அதே இனம்) அங்கே பெருங்கூட்டங்களாகப் பரவி, கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்று, மரங்களில் சாறுறிஞ்சும் செதில்பூச்சிகள் பெருக வழிசெய்தது. கூடு வைக்கும் மரங்கள் பாழாகும் என்ற அச்சத்தால் 2000-இல் பறவையின் நிலை ‘மிக அருகிய’ பிரிவுக்கு உயர்ந்தது. 2002-இல் ஹெலிகாப்டரில் நச்சிரை தூவினார்கள். சில ஆண்டுகளில் நிலை ஒரு படி இறங்கியது. இடையில் பறவைகள் திடீரென்று பெருகிவிடவில்லை, இத்தனை மெதுவாக ஈனும் இனத்தால் அது முடியவும் முடியாது. 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எறும்பைத் தொடுவதில்லை; எறும்புக்குத் தேன்சாறு சுரந்து ஊட்டும் செதில்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்கிறது.

அன்புடன்,
உன் மாமா