ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் தருகிறோம் என்கிறார்களா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரித் தோப்போரம் கபடி ஆடி, பள்ளி மைதானத்தில் வாலிபால் அடித்து வளர்ந்த பிள்ளைகள் நிறைய. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சின்னச் சின்னக் கல்லூரிகளில் இருந்து அழைப்பு வரத் தொடங்கும். பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்று முதலில் கேளுங்கள். அரியலூர் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பஸ் ஏறி விருத்தாசலம் போனால் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. அது கடலூர் மாவட்டம் என்பதால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டவர்களைத்தான் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கே ஜெயித்தால் அகில இந்தியப் போட்டி. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கெல்லாம் மதிப்பு இந்தப் போட்டிகளில் ஆடி வாங்கும் சான்றிதழுக்குத்தான். ஆகவே, "கடந்த மூன்று வருடத்தில் உங்கள் பிள்ளைகளில் யார் யார் பல்கலைக்கழக ஜெர்சி போட்டார்கள்?" என்று கேளுங்கள். பெயர் பெயராகச் சொன்னால் நல்லது. ஆபீஸ் ரூம் அலமாரியில் இருக்கும் கோப்பையைக் காட்டினால், அதில் எந்த வருடம் பொறித்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

2. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போங்கள். சுண்ணாம்புக் கோடு புதிதாக இருக்கிறதா? வாலிபால் நெட் நடுவில் தொய்ந்து கிடக்கிறதா? ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. தொய்ந்த நெட்டில் அடித்துப் பழகிய கை போட்டியில் நெட்டில்தான் அடிக்கும். ஸ்போர்ட்ஸ் ரூம் பூட்டு துருப்பிடித்திருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம், டீ குடித்துவிட்டுத் திரும்பி விடலாம்.

3. கபடிப் பிள்ளை என்றால் மேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்த் திருவிழாப் போட்டி மண்ணில் நடக்கலாம். பெரிய போட்டிகள் மேட்டில்தான். மண்ணில் வழுக்கிப் போய்க் காலைத் தொடுகிறவனுக்கு மேட்டில் கால் பிடித்துக்கொள்ளும், முட்டி திரும்பும். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர் ஆடுகளம். அதற்கான மேட் முழுதாக விரித்திருக்கிறதா, மூலையில் சுருட்டி வைத்து எலி கடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

4. உங்கள் மகன் கபடியில் ரைடர் என்றால், இப்போது அங்கே எத்தனை ரைடர்கள் எந்த வருடம் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரிய பேர் உள்ள கல்லூரியில் மூன்று வருடமும் பெஞ்சில் உட்காருவதைவிட, சின்னக் கல்லூரியில் முதல் வருடமே ஏழு பேரில் ஒருவனாக இறங்குவது மேல் என்பது என் கட்சி.

5. பிசிகல் டைரக்டர் நிரந்தரப் பணியாளரா, கௌரவ விரிவுரையாளரா? இரண்டிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால் உங்கள் பிள்ளையை அழைத்தவரே அடுத்த ஜூனில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், அவர் வாயால் சொன்னதெல்லாம் அவரோடு போகும்.

6. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப் பதிவு) கிடைக்குமா? பி.டி. சார் "கிடைக்கும்" என்பார். துறைத் தலைவரிடமும் கேளுங்கள், கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். இன்டர்னல் தேர்வு தவறினால் திரும்ப வைப்பார்களா என்பதை மூன்றாம் வருட மாணவனிடம் கேட்டால் உண்மை வரும்.

7. "ஃபீஸ் கிடையாது" என்றால் எந்தெந்த ஃபீஸ்? டியூஷன் மட்டுமா, ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணமும் சேர்த்தா? முட்டி போய் ஆறு மாதம் படுத்தால் சலுகை தொடருமா? எழுதி வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய் தனி. அதைச் சலுகைக் கணக்கில் கழிக்க விடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கல்லூரிகள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்துவிட்டது.

8. பெண்பிள்ளை என்றால் வெளியூர்ப் போட்டிக்கு உடன் வரும் ஆசிரியை யார், எங்கே தங்க வைப்பார்கள், மைதானத்தில் உடை மாற்ற அறை இருக்கிறதா, பயிற்சி முடியும் நேரத்துக்குப் பஸ் உண்டா. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் கேளுங்கள்.

9. கிரிக்கெட்டில் பவுண்டரியில் இருந்து நேராக ஸ்டம்புக்கு எறிகிற பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால், பேஸ்பால் அணி இருக்கும் கல்லூரி நல்ல வழி. பல்கலைக்கழகப் போட்டிகளில் இரண்டும் உண்டு, கூட்டம் குறைவு. ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானது இந்தக் கை வலுவால்தான். வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் அந்த விளையாட்டு இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

10. தனியார் கல்லூரிக்குத் தலையாட்டும் முன் அரசு வழியையும் பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களும் வரும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடும். இன்ஜினீயரிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் இருக்கின்றன. இந்திய ஹாக்கி அணியில் ஆடிய நம் அரியலூர் செல்வம் கார்த்தி, கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்தவர். எந்த வழியில் போனாலும் விளையாட்டுச் சான்றிதழ் அந்தந்தப் படிவத்தில், உரிய அதிகாரி கையெழுத்தோடு இருக்க வேண்டும். பள்ளியில் வாங்க வேண்டியதை டி.சி. வாங்கும் அன்றே கேட்டு வாங்கி, நாலு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.