தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு

பழைய புடவையில் கட்டிய தூளியும், கம்பியடைத்த மரத்தொட்டிலும் குழந்தையின் முதல் படுக்கைகள். ‘தால்’ என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடித் தூங்கவைப்பதால் அப்பாட்டு தாலாட்டு எனப்பட்டது.

குழந்தை வளர்கிறது. ஒரு நாள் தொட்டிலின் விளிம்பைப் பற்றிக் காலைத் தூக்கி ஏற முயல்கிறது. அந்நாள்முதல் தொட்டிலே இடராகிறது. உயரத்திலிருந்து குழந்தை விழக்கூடும். பெரும்பாலும் 18 மாதத்திற்கும் 3 வயதிற்கும் இடையே இந்நிலை வருகிறது.

வீட்டிலேயே கட்டில் செய்வோர் அழகைவிடப் பாதுகாப்பையே முதலில் கருதுதல் வேண்டும். கட்டில் தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால், விழுந்தாலும் பலத்த அடி படாது. பலகைகளை உப்புத்தாளால் தேய்த்தால் சிராய் குத்தாது. திருகாணியின் தலை வெளியே நீட்டியிருத்தல் கூடாது. மெத்தைக்கும் சட்டத்திற்கும் நடுவே இடைவெளி இருப்பின் குழந்தை அதில் சிக்கிக்கொள்ளும். ஆதலால் மெத்தையை அளந்த பின்னரே பலகையை அறுத்தல் வேண்டும். இனிக் குழந்தை இரவில் தானே இறங்கி நடக்கும். ஆகவே, கட்டிலைச் சன்னலருகே இடலாகாது. அலமாரியைச் சுவரோடு பிணைத்தல் வேண்டும்.

முதல் சில இரவுகளில் குழந்தை விழித்து அழலாம், எழுந்தும் வரலாம். கடிந்துகொள்ளாமல் மீண்டும் அங்கேயே படுக்கவைத்தல் வேண்டும். நாள்தோறும் கேட்ட தாலாட்டைப் புதிய கட்டிலிலும் கேட்டால் அதன் அச்சம் நீங்கும்.

சொற்பொருள்
இடர் – துன்பம்
சிராய் – கூரிய மரத்துணுக்கு
பிணைத்தல் – சேர்த்துக் கட்டுதல்

பயிற்சி
1. தாலாட்டு என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. மெத்தையை முதலில் அளப்பது ஏன்?
3. உங்கள் வீட்டில் பாடும் தாலாட்டைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.