மல்கோவாவில் எவ்வளவு தண்ணீர்?

மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர்களுக்கு மாம்பழ ஐஸ்கிரீம் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்துக்காரர்களின் முதல் நம்பிக்கை இது. மே மாதம் வந்தால் மிக்ஸி ஓடாத வீடில்லை. பாலும் பழமும் சர்க்கரையும் போட்டு அடித்து, டிபன் பாக்ஸில் ஊற்றி ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுவார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஸ்பூன் வளைகிறது, உள்ளே இருப்பது அசைய மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் ஒரு வாய் சுரண்டித் தின்றுவிட்டு, கடைக்குப் போகக் காசு கேட்கிறார்கள்.

பழத்தையும் ஃப்ரிட்ஜையும் திட்டிப் பயனில்லை. கோளாறு தண்ணீரில் இருக்கிறது. வீட்டு ஐஸ்கிரீமைப் பற்றி நம் பக்கம் உலவும் நம்பிக்கைகளில் பாதிக்கு மேல், பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை மறந்ததால் வந்தவை.

'பழம் கூடக் கூட ருசி கூடும்'

மாம்பழச் சதையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அன்னாசியில் இன்னும் கொஞ்சம் அதிகம், தர்பூசணியில் 90-ஐத் தாண்டும். பாலிலும் தண்ணீரே பெரும்பங்கு. இரண்டையும் அப்படியே கலந்து உறைய வைத்தால் உறைவது தண்ணீர்தான். அதில் பழம் கொஞ்சம் மணக்கும், அவ்வளவே. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் மொத்தத் திடப்பொருள் 36 சதவீதமாவது, பால்கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. வீட்டில் செய்வதற்குச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்த 36 என்ற எண் நாக்குக்கும் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் 9 சதவீதம். ஆக ஒரு கிலோ பாலில் 150 கிராம். அதைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி 100 கிராம் சர்க்கரை போட்டால் 600 கிராம் கலவை, அதில் 250 கிராம் திடப்பொருள். இதுவரை நல்ல நிலைமைதான். இப்போது ஆசைப்பட்டு 400 கிராம் மாம்பழக் கூழைப் பச்சையாக ஊற்றுங்கள். திடப்பொருள் 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும், கலவை கல்லாக உறையும். அதே 400 கிராம் கூழை அடுப்பில் வைத்து 200 கிராமாக வற்றவைத்து ஆறியபின் சேர்த்தால் 40 சதவீதத்தை எட்டிவிடும். ஒரே பழம், ஒரே பால். நடுவில் அரைமணி நேரம் அடுப்படியில் நிற்பதுதான் வித்தியாசம்.

இந்த வற்றவைக்கும் வேலையைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அடி கனத்த சட்டி வேண்டும், தீ சிறியதாக இருக்க வேண்டும். மாங்கூழ் கொதிக்க ஆரம்பித்ததும் குமிழ் விட்டுத் தெறிக்கும். கையில் பட்டால் எண்ணெய் தெறித்தது போலப் பொத்துவிடும். நீளக் கரண்டியால் அடி பிடிக்காமல் கிளற வேண்டும். கரண்டியைச் சட்டியின் குறுக்கே இழுத்தால் ஒரு தடம் விழும். முதலில் அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளும். இரண்டு மூச்சு விடும் நேரம் மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் போனால் மாம்பழ ஜாம் வாசனை வந்துவிடும்.

எல்லாப் பழத்துக்கும் இதுவே வழி என்று நினைத்தால் சீத்தாப்பழம் காலை வாரிவிடும். சேர்வராயன் அடிவாரத்துக் கரடுகளில் பழுத்து, மழைக்காலத்தில் கூடை கூடையாய் வரும் சீத்தாப்பழத்தைச் சூடாக்கினால் கசக்கும். அதைப் பச்சையாக, ஆறிய பாலில்தான் சேர்க்க வேண்டும். நல்லவேளையாக அதில் தண்ணீரும் குறைவு, அதனால் காய்ச்ச வேண்டிய தேவையும் இல்லை. விதை எடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

'ஐஸ்கிரீமுக்கு மல்கோவாதான்'

இதைச் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன்: மல்கோவாவைக் கையில் பிடித்துத் தின்னுங்கள், ஐஸ்கிரீமில் போடாதீர்கள். குளிரில் நாக்கு மந்தமாகிவிடும். இனிப்பு குறைவாகத் தெரியும், வாசனையும் எழும்பி மூக்குக்கு வராது. மல்கோவாவின் பெருமை அதன் நாரில்லாத சதையும் மெல்லிய மணமும். உறைந்தபின் அந்த மணம் அடங்கிவிடும். நாரில்லாத குணமோ மிக்ஸிக்குள் போனபின் கணக்கில் வராது. குளிரிலும் நிற்கக்கூடியது அல்போன்சாவின் உரத்த வாசனை. செந்தூராவும் ஓரளவு தாங்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகள் டின்னில் அடைத்து அனுப்புவது பெரும்பாலும் அல்போன்சாவும் பெங்களூராவும்தான். கிளிமூக்கு என்று நாம் உப்பு மிளகாய்த்தூளோடு தின்னும் அதே பெங்களூரா. அதன் புளிப்பு குளிரில் இனிப்பைத் தூக்கிக் காட்டும். வீட்டிலும் இரண்டையும் கலந்து பாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான மாம்பழ ஐஸ்கிரீம் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். கடையில் பார்க்கும் பளீர் மஞ்சளில் பெரும்பாலும் டார்ட்ரஸின் என்ற செயற்கை நிறமி இருக்கும். அளவோடு சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அட்டையில் 102 என்ற எண்ணைத் தேடினால் தெரியும். உங்கள் ஐஸ்கிரீம் வெளிறி இருந்தால் வருத்தப்படாதீர்கள்.

'அன்னாசி புளிப்பு, அதனால் பால் திரிகிறது'

கொல்லிமலை அன்னாசி மலிந்து கிடக்கும் நாட்களில் நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் வீடுகளில் நடக்கும் விபத்து இது. ராசிபுரத்தில் ஒரு வீட்டில் டப்பாவைத் திறந்து காட்டினார்கள். மேலே வெள்ளைத் திரள், கீழே மஞ்சள் நீர், வாயில் வைத்தால் கசப்பு. "பழம் புளிப்புங்க, அதான் திரிஞ்சிருச்சு. அடுத்த தடவ சக்கரைய இன்னுங் கொஞ்சம் சேத்திப் போடோணும்" என்றார் அந்த அம்மா.

புளிப்புக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை புளிப்பை நாக்கிலிருந்து மறைக்குமே தவிர, பாலிலிருந்து எடுத்துவிடாது. கசப்புக்குக் காரணம் வேறு. அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும். அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பாலில் போட்டால் பால்புரதத்தை அறுத்துக் கசப்பான துண்டுகளாக்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் அடங்கிவிடும் என்பது அடுத்த தப்புக் கணக்கு. குளிரில் அது மெதுவாகும், சாகாது. கொதிக்கவைத்தால் செத்துவிடும். அன்னாசியைப் பொடியாக நறுக்கி, சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, சாறு பாகாகச் சுருண்டதும் இறக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்குங்கள். சுண்டிய பாலையும் அதேபோல் சில்லிடவிட்டு இரண்டையும் சேர்த்தால், திரிவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். சூடான பாலில் ஊற்றினால் வெந்த அன்னாசியும் திரிக்கும். அது புளிப்பின் வேலை. பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதி உண்டு.

வெல்லமும் பாலைத் திரிக்கும். 'சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டேன், ஒன்றும் ஆகாது' என்று கொதிக்கும் பாலில் போட்டுவிட்டுக் கையைப் பிசைபவர்கள் உண்டு. பிலிக்கல்பாளையம் சந்தையில் ஏலம் போகும் நல்ல வெல்லமாகவே இருந்தாலும் அதில் அமிலமும் உப்புகளும் இருக்கும். பாகு காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பாலில் ஊற்ற வேண்டும். வாழைப்பழ ஐஸ்கிரீமுக்கும் பலாப்பழ ஐஸ்கிரீமுக்கும் வெல்லம் அருமையாகச் சேரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது தோதானது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வெல்லத்தின் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடலாமே என்றால், குறைத்தால் கல்லாகும்: கரைந்த சர்க்கரைதான் தண்ணீர் முழுதும் உறையாமல் தடுத்து ஸ்பூனுக்கு வழிவிடுகிறது. குறைவாகத் தின்னலாம், குறைவாகப் போட்டுச் செய்வதுதான் கஷ்டம்.

'ஃப்ரீசர் பார்த்துக்கொள்ளும்'

பார்த்துக்கொள்ளாது. ஒரு கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் கலவை மெல்ல மெல்ல உறைகிறது. மெல்ல உறைந்தால் பனித்துகள் பெரிதாக வளரும், நாக்கில் நெறுநெறுக்கும். விரைவாக உறையவும் வேண்டும், உறையும்போது கிளறவும் வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஓரங்களைச் சுரண்டி உள்ளே தள்ளி அடித்து வைப்பது ஒரு வழி. மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

இதைவிட நல்ல வழி, மின்சாரமே வேண்டாதது. கல்லுப்பும் ஐஸும். மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருக ஆரம்பிக்கும். உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ளதிலிருந்து இழுக்கும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-இல் கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உள்ளதும் இதே உத்திதான். அந்த வாளி இல்லாவிட்டால் பெரிய அண்டாவுக்குள் எவர்சில்வர் தூக்குப்போசியை வைத்து, சுற்றிலும் ஐஸும் உப்பும் போட்டு, போசியின் காதைப் பிடித்து இடவலமாகத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தைச் சுரண்டுங்கள். உலோகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் உப்புநீர் குளிர்ந்த காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை எடுக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே போனாலும் எல்லாம் வீண். ஐஸ் ஃபேக்டரிக் கட்டியை வாங்கினால் அது போசிக்கு வெளியே மட்டுமே, தின்பதற்கானது இல்லை.

'கார்ன்ஃப்ளாரும் ஜி.எம்.எஸ். பொடியும் இல்லாமல் வராது' என்று ஒரு கட்சி. 'அதெல்லாம் விஷம்' என்று எதிர்க்கட்சி. இரண்டும் மிகை. ஜி.எம்.எஸ். கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும், சி.எம்.சி. என்ற இன்னொரு பொடி நீரைக் கட்டிப்போடும். சிறு அளவில் அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தான். கடை ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் நிற்பதைப் பார்த்துச் சோப்புத்தூள் கலந்திருக்கிறார்கள் என்று சுற்றிவரும் செய்திகளுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் போன்றவை தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அது மெல்ல உருகுகிறது.

எனக்கு ஆச்சரியம், மரவள்ளி விளையும் மண்ணில் இருந்துகொண்டு நாம் சோளமாவு டப்பா வாங்குவது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகளைத் தாண்டாமல் பஸ் போகாது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில்தான் இருக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மரவள்ளி ஸ்டார்ச்சுக்குச் சொந்த வாசனை கிடையாது. சோளமாவு விடும் மாவு வாடை இதில் வராது, பழவாசனை அப்படியே எழும். அரை லிட்டர் சுண்டிய பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி. குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றிக் கொதி வரும்வரை கிளறினால் போதும்.

முட்டையும் அப்படித்தான். தினந்தோறும் முட்டை விலை அறிவிக்கும் நாமக்கல்லில்கூட 'ஐஸ்கிரீமில் முட்டை போட்டால் கவுச்சி அடிக்கும்' என்பார்கள். கவுச்சி பெரும்பாலும் வெள்ளைக்கருவை அதிகம் வேகவைப்பதால் வருவது. மஞ்சள்கரு மட்டும் போதும். அதில் உள்ள லெசித்தின், ஜி.எம்.எஸ். செய்யும் வேலையைச் செய்யும். பாலோடு சேர்த்துச் சிறுதீயில் கிளறி, கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கும் பதத்தில் இறக்க வேண்டும். பச்சையாகப் போடுவது மட்டும் கூடாது, சால்மொனெல்லா கிருமி தொற்றலாம். சைவக்காரர்களுக்கு மரவள்ளி இருக்கவே இருக்கிறது.

ஐஸ்கிரீம் தின்றால் சளி பிடிக்கும் என்பதற்குப் பதில் ஒரு வரி: சளியைத் தருவது வைரஸ், குளிர்ச்சி அல்ல.

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. பெரும்பாலான கிருமிகள் குளிரில் தூங்கும், உருகியதும் எழுந்துகொள்ளும். அதனால்தான் பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும், காய்ச்சியதை மேடையில் ஆறப்போட்டு மறந்துவிடாமல் சீக்கிரம் ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோக வேண்டும். கரண்டு போய் அரைகுறையாக உருகியதை மறுபடி உறைய வைத்தால் பனித்துகள் இன்னும் பருத்து மணல் போலக் கடிபடும். சில்லென்று இருக்கும்போதே டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். மணிக்கணக்கில் வெளியே கிடந்ததென்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.