சன்ரூஃபுக்கு அரை டம்ளர் தண்ணீர்

விலையுயர்ந்த எஸ்யூவியில் நாமே கைவைக்கலாமா என்ற தயக்கம் நியாயமானதுதான். ஏர் சஸ்பென்ஷன், எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் சன்ரூஃப் வடிகுழாய் அப்படியல்ல. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழைநீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை. அதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. உள்ளே கசியும் நீர் ஓரத்துக் கால்வாயில் சேர்ந்து, மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் வேப்பம்பூவும் புழுதியும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால், நீர் கால்மிதிப் பக்கம் இறங்கும். பல மாடல்களில் கார்பெட்டுக்கு அடியில்தான் வயரிங் ஓடுகிறது. நாற்றம் வரும்போது சேதம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

சோதிப்பது எளிது. சன்ரூஃபைத் திறந்து, முன்மூலைத் துளையருகே அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே சொட்டினால் சரி. தேங்கினால், முனை மழுங்கிய தடித்த நைலான் நரம்பை மெதுவாக நுழைத்து எடுங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டாம். அழுத்தத்தில் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் வேலை இரட்டிப்பாகும். சர்வீஸில் பார்த்துக்கொள்வார்களே என்பீர்கள். சர்வீஸ் ஆண்டுக்கு ஒருமுறை. குப்பை தினமும் விழுகிறது. வாரண்டி போய்விடுமோ என்ற பயமா? துளையைச் சுத்தம் செய்வதில் அந்தச் சிக்கல் இல்லை. கூடுதல் விளக்குக்காக வயரை வெட்டி ஒட்டும் ‘அப்கிரேடு’தான் (அதற்குத்தான் பலருக்கும் ஆசை) வம்பில் மாட்டிவிடும்.