காசநோயைக் காட்டும் சில்லு

'எலும்புருக்கி' என்று நம் பாட்டிமார் அஞ்சிய காசநோயின் கிருமியை இராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். வீட்டில் இருந்தபடியே மருந்துண்டு இந்நோயிலிருந்து குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது, 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆய்வு மையமாகும். ஆக, மருந்துக்குக் குறைவில்லை. நோயை வேளையோடு அறிவதுதான் கடினமாயிருந்தது.

சளிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். குறைந்தால் 'இல்லை' என்றே முடிவு வரும். கிருமியை வளர்த்துப் பார்க்கலாம்; அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என் தகப்பனார் வேங்கிக்காலில் கொத்தனார். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அவருக்கு ஓயாத இருமல். சளியில் ஒன்றுமில்லை என்றார்கள். அவரும் மகிழ்ந்து மறுபடி சாரம் ஏறினார். மூன்று மாதம் கழித்தே நோய் தெரிந்தது. அதற்குள் என் தங்கைக்கும் தொற்றிவிட்டது.

இக்குறையைப் போக்க நம் நாட்டிலேயே பிறந்த கருவி 'ட்ரூநாட்'. பெங்களூர் பிக்டெக் ஆய்வகம் உருவாக்கியதைக் கோவாவிலுள்ள மோல்பயோ நிறுவனம் தயாரிக்கிறது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை ஏற்றது.

சளியை நீர்க்கச் செய்து, கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். வினைப்பொருளோடு கலந்த 6 மைக்ரோலிட்டர் மட்டும் சில்லின் குழியில் இடப்படுகிறது. ஒரு சொட்டு நீரில் எட்டில் ஒரு பங்குதான்! சூடேறும்போது டி.என்.ஏ.வின் இரு இழைகள் பிரிகின்றன. ஆறும்போது ஒவ்வொன்றும் தன் இணையைக் கட்டிக்கொள்கிறது. இவ்வாறு முப்பது சுற்று இரட்டித்தால் ஒன்று 107 கோடியாகும். அப்போது எழும் ஒளியைக் கருவி படித்துவிடுகிறது.

சிறுமையால் என்ன இலாபம் என்று நண்பர்கள் கேட்கலாம். அண்டாத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம், கரண்டித் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பாருங்கள். துளியினும் சிறிய அளவை நொடிகளில் சூடாக்கி ஆற்றலாம், மின்கலமே போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு வருவதும், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் கருவியை வைக்க முடிவதும் இதனால்தான். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதை மற்றொரு சில்லு சொல்லும்.

ஆனால் இறந்த கிருமியின் டி.என்.ஏ.வும் இதற்கு உயிருள்ளது போலவே தோன்றும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பின்னர்ப் பார்ப்பதற்கு நுண்ணோக்கியும் வளர்ப்பு முறையுமே வேண்டும். எங்கள் வீட்டில் இருவரும் ஆறு மாத மருந்தை முடித்தபோதும் நுண்ணோக்கியில்தான் பார்த்தார்கள்.